ரோஸ் பேப்பர்

திவ்யா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த ஆங்கில ஆசிரியை அவள். கெட்டிக்காரி, கொஞ்சம் படபடப்பு. பாடக்குறிப்பு எழுதும் முறை இப்போது மாறியிருக்கிறதாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்தினால், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ன, நடுத்தரப் பிள்ளைக்கு என்ன, மெல்லக் கற்கிற பிள்ளைக்கு என்ன என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் காட்ட வேண்டுமாம்.

“மிஸ், இதெல்லாம் நீங்க அந்தக் காலத்துலயே பண்ணிட்டீங்களாமே. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சொல்றாங்க. பழைய மாடல் ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க மிஸ், அப்படியே வெச்சுக்கிறேன்.”

“தேடிப் பாக்கறேம்மா” என்றேன். பொய். தேட ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டாகிவிட்டது. போனை வைக்கும் முன் அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு விஷயமும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுப்படியில் தனியாக நிற்கும்போதுகூட முகம் சூடாகிறது. இந்த வயதில் யார் பார்க்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. திவ்யாவுக்கு மாடல் அனுப்ப முடியாது. அந்த மாடல் எப்படி வந்தது, என்ன செய்தது என்று எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தேன், பிறகு பி.எட். முடித்தேன். அங்கே பாடக்குறிப்பு என்றால் கட்டம் போட்டு, நோக்கம், கற்பித்தல் கருவி, மதிப்பீடு என்று அழகாக நிரப்பச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் எழுத வரும். பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் “குட் மார்னிங்” சொல்வதற்குள் புடவை முதுகோடு ஒட்டிவிட்டது. அதனாலோ என்னவோ, ஆரம்பத்திலிருந்தே நான் பேச்சை நம்பவில்லை. தாளை நம்பினேன். நாளைய பாடத்தை இன்றே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் தைரியமாக இருக்கும். பிள்ளைகள் கையிலும் ஒரு தாள் கொடுத்துவிட்டால் எல்லோரும் என்னை விட்டுவிட்டுத் தாளைப் பார்ப்பார்கள். என் முறை பிறந்த கதை இவ்வளவுதான். மற்றவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்தார்கள்.

பள்ளிக்கூடம் மலைக்குப் பின்பக்கம் இருந்தது. கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் பாதி வகுப்பு வராது, வந்த பாதியும் தூங்கும். இரவெல்லாம் பாதையில் தண்ணீரும் சுண்டலும் விற்ற பிள்ளைகள். அன்றைக்குப் புதுப் பாடம் தொடங்கக் கூடாது என்பது எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம்.

தலைமையாசிரியர் தனஞ்செயன் சார் கணக்கு வாத்தியார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். யார் மேலும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்புப் பையனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் அந்த ‘ங்க’ ஜாஸ்தியாகும். திங்கட்கிழமை காலை, பிரேயருக்கு முன்னால் எல்லோருடைய பாடக்குறிப்பும் அவர் மேசையில் இருக்க வேண்டும். மற்ற பள்ளிகளில் கட்டாக வாங்கிக் கட்டாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். இவர் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் படிப்பார். புரிந்தால் பச்சை மையில் கையெழுத்து. புரியாவிட்டால் மூடி, அதன் மேல் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துவிடுவார். நம் நோட்டின் மேல் சாக்பீஸ் இருந்தால் முதல் பீரியடுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். தூரத்திலிருந்தே எட்டிப் பார்ப்போம். சாக்பீஸ் இல்லை என்றால் அந்த வாரமே நன்றாக விடிந்த மாதிரி இருக்கும்.

ஒருமுறை என் நோட்டின் மேல் சாக்பீஸ். போனேன். ‘மாணவர்கள் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வர்’ என்று நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்திருந்தார்.

“எந்த மாணவர்கள்ங்க?”

“ஒன்பதாம் வகுப்பு, சார்.”

“அது தெரியுதுங்க. வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கமா வந்தேன். முதல் ரெண்டு பெஞ்சு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி பதில் சொல்லுது. கடைசி ரெண்டு பெஞ்சு புஸ்தகத்தைத் தலைகீழா வெச்சிருந்தாக்கூடத் தெரியாதுங்க. இந்த வரி யாருக்குங்க?”

அவமானமாக இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாகத்தான் மூன்று தாள் செய்தேன்.

செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலையை நான் உண்மையாகவே நேசித்தேன். முதலில் பாடத்தை மாணவியாக நினைத்துக்கொண்டு ஒருமுறை படிப்பேன். இந்தப் பாடத்திலிருந்து வகுப்பில் யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஒரே ஒரு விஷயம் என்ன என்று முடிவு செய்வேன். உதாரணத்துக்கு, ஊர்க் கிணற்றைத் தனி ஆளாகத் தூர் வாரிய ஒரு பெண்ணின் கதை பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருந்தது. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு, ‘முதலில் யாரும் ஏன் உதவிக்கு வரவில்லை, உன் சொந்த வாக்கியத்தில் எழுது’ என்று கேள்வி. நடுத்தரத்துக்கு, பாதி பாதியாக வெட்டின வாக்கியங்கள், பொருத்தமான பாதியைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது குழுவுக்குக் கிணறு, வாளி, கயிறு படம் போட்டு, எதிரே வார்த்தைகள், கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். கீழே மனப்பாடம் செய்ய நாலு வரி. பரீட்சையில் நிச்சயம் வரக்கூடிய கேள்விக்கு அந்த நாலு வரி போதும், அப்படிப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

பேப்பருக்கு நிறம் வந்தது தற்செயல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக ஜெராக்ஸ் எடுக்கிற கடையில், பௌர்ணமி அன்னதான நோட்டீஸ் அடிப்பார்கள். மஞ்சளும் ரோஸும் மிச்சமாகும். கடைக்காரர், “எடுத்துட்டுப் போங்க டீச்சர், எனக்கு இடம்தான் அடைக்குது” என்றார். நடுத்தரத்துக்கு மஞ்சள், கடைசிக் குழுவுக்கு ரோஸ், மற்றவர்களுக்கு வெள்ளை. விநியோகிக்கச் சுலபம். யாருடைய தாள் யாரிடம் மாறினாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பலன் கிடைத்தது. அதையும் சொல்லியாக வேண்டும். கடைசி பெஞ்சு அமைதியாக வேலை செய்தது. அதுவரை ஆங்கிலத்தில் தேறாத பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தேறினார்கள். வேங்கிக்காலில் ஆசிரியர்களுக்கான ஒரு கண்காட்சியில் என் மூன்று தாள்களையும் அட்டையில் ஒட்டி வைத்தார்கள். மற்ற பள்ளி ஆசிரியைகள் வந்து குறித்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமைகளில் என் நோட்டின் மேல் சாக்பீஸ் வருவது நின்றேபோனது.

பவானி ரோஸ் குழுவில் இருந்தாள். அடி அண்ணாமலைப் பெண். வம்பு இல்லாத பிள்ளை. தாளைக் கொடுத்ததும் கோடுகளை ஸ்கேல் வைத்து இழுப்பாள். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, தாளை நாலாக மடித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறவளுக்கு அடுத்த தாள் கொடுத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தொந்தரவு கொடுக்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அவள் பத்தாம் வகுப்பு வந்த வருடம், ஒரு பௌர்ணமி அன்று நானும் என் வீட்டுக்காரரும் கிரிவலம் போனோம். வெயில் தாழ்ந்த நேரம். அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு கடையிலிருந்து, “டீச்சரம்மா” என்று குரல். எலுமிச்சை ஜூஸ், தண்ணீர், வறுத்த கடலை விற்கிற தள்ளுவண்டி. பவானியின் அம்மா. பக்கத்தில் பவானி. அப்பா கொஞ்சம் தள்ளி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். பவானி எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா என் கையில் ஜூஸ் டம்ளரைத் திணித்தாள்.

“உங்களைப் பாக்கணும்னே இருந்தேன் டீச்சரம்மா. எங்க பவானிக்குன்னு தனியா ரோஸ் பேப்பர் குடுக்கறீங்களாமே. மத்த வாத்தியாருங்கல்லாம் அடிச்சுப் பாத்தாங்க, திட்டிப் பாத்தாங்க. நீங்கதான் இதுக்குப் படிப்பு வராதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி குடுத்து, பத்தாவது வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டீங்க.”

“அப்படி இல்லீங்க...”

“அட, சும்மா இருங்கம்மா. எனக்கு மனசு லேசாயிடுச்சு. இவங்கப்பா பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சே ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான்தான் சொன்னேன், டீச்சரே ரோஸ் பேப்பர் குடுத்துட்டாங்க, இன்னும் எதுக்குப் புள்ளைய இம்சை பண்றேன்னு. அவரும் சரின்னுட்டாரு. பத்தாவது முடிச்சதும் கடையோட கடையா இருந்துட்டுப் போவட்டும்.”

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மறுத்துச் சொல்வேனா என்று காத்திருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. நான் ஏதோ முணுமுணுத்தேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், நகர்ந்துவிட்டோம். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள் அந்த அம்மா. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. மிச்சத் தூரம் முழுக்க வீட்டுக்காரர் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. படிப்பு வராது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தாள் போய் அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறது. டாக்டர் சீட்டை நம்புகிற மாதிரி அதை நம்பியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பவானிக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். எழுந்து வந்து மேசையில் வைத்தாள்.

“மிஸ், மாறி வந்துடுச்சு. எனக்கு ரோஸு.”

“மாறல. இன்னிக்கு இதை எழுதிப் பாரு.”

“எனக்கு வராது மிஸ்.” முரண்டு பிடிக்கவில்லை. ரத்த வகையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு நான் செய்ததெல்லாம் ஒரு கூத்து. யாரும் யாருக்கும் தாள் கொடுக்க வேண்டாம், மூன்றையும் மேசையில் வைத்துவிடுவோம், அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பையன் பாய்ந்து வந்து ரோஸை எடுத்தான். சீக்கிரம் முடித்துவிட்டுக் கபடிக்குப் போகத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ரோஸுக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து தனஞ்செயன் சார் வாசலில் நின்றார். முதல் மார்க் பையன் வாளிப் படத்துக்கும் வாளி என்ற வார்த்தைக்கும் மும்முரமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். சார் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை என் நோட்டின் மேல் சாக்பீஸ் இருந்தது.

அதற்குள் நான் நிறத்தையே விட்டுவிட முடிவு செய்திருந்தேன். எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தாள், ஒரே கேள்வி. கேள்விக்குப் போய்ச் சேருகிற வழியில் மட்டும் உதவி. கடினமான வார்த்தைகளுக்குத் தமிழில் பொருள் எழுதின சீட்டு ஒன்று, வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று காட்டுகிற சீட்டு ஒன்று. இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டு ஜன்னலில் வைப்பேன், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். இதை எழுதித்தான் நோட்டைக் கொடுத்திருந்தேன்.

சார் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அதிலேயே பயந்துவிட்டேன்.

“நல்லா இருக்குங்க, படிக்க நல்லா இருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம்ங்க. ரோஸ் பேப்பர்ல அந்த பவானின்ற பொண்ணு பாஸுங்க. நிச்சயம்ங்க. இதுல நிச்சயம் இல்லீங்க. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குங்க. நீங்க இதை அந்தப் பொண்ணுக்காகப் பண்றீங்களா, உங்க மனசுக்காகப் பண்றீங்களாங்க?”

பவானியைப் பற்றி, அந்தப் பௌர்ணமியைப் பற்றி, எல்லாவற்றையும் நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால்தான் கேட்டார். இரண்டுக்காகவும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர், “சரிங்க, பண்ணுங்க. தவறிட்டா நானும் பதில் சொல்லணும், அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க” என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

பவானி ஜன்னல் பக்கம் போகவே இல்லை. போனால் எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா. வெள்ளைத் தாளில் தன் பெயரை மட்டும் மணி மணியாக எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பாள். நாள் கணக்கில் அப்படி. மறுபடி ரோஸைக் கொடுத்துவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். பிறகு ஒரு நாள் பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து வாசலில் வைத்தேன். உள்ளே வருகிற எல்லோரும், கோயிலில் விபூதி எடுத்துக்கொள்கிற மாதிரி, ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். முதல் மார்க் பையனும் எடுத்தான். பவானியும் எடுத்தாள்.

அன்றைக்குக் கிணற்றுப் பாடத்தைத்தான் திருப்புதலுக்கு எடுத்திருந்தேன். முதலில் யாரும் ஏன் உதவிக்கு வரவில்லை? பவானி தாளை மடிக்காமல் கொடுத்தாள். ஒரே ஒரு வரி. ‘நோ பீப்பிள் கம். வாட்டர் கம், பீப்பிள் கம்.’

அந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். தண்ணீர் வந்த பிறகுதான் ஊர் வந்தது என்று ஒரு பிள்ளைகூட எழுதியதில்லை. நானே அப்படி யோசித்ததில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தனஞ்செயன் சாரிடம் ஓடினேன். இரண்டு தடவை படித்தார்.

“இது யாருக்குப் புரியாது, சொல்லுங்க. ஆனா மார்க் போடறவரு நீங்களோ நானோ இல்லீங்களே” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது.

அதற்குப் பிறகு பவானி எழுதினாள். தப்பும் தவறுமாக, அடித்துத் திருத்தி, தினம் எழுதினாள். நான் திருத்துவேன், மறுபடி எழுதுவாள். மற்ற பிள்ளைகளோடு உட்காரவைத்து எழுதச் சொன்னதோடு சரி, பள்ளி விட்ட பிறகு தனியாகக்கூட நிறுத்தவில்லை. பொதுத்தேர்வில் கட்டுரைக் கேள்வியைத் தானே எழுதினாள். தேறினாள். நிச்சயமான கேள்விகளை மட்டும் எழுதினால் வருவதைவிட நல்ல மார்க். தனஞ்செயன் சார் என்னைக் கூப்பிட்டு, “நான் கேட்டது தப்புங்க” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடே அடி அண்ணாமலைக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க புண்ணியம் டீச்சரம்மா. பாஸாயிடுச்சு, அது போதும்.”

“போதாதுங்க. பதினொண்ணாவது சேத்து விடுங்க. நான் நினைச்சது தப்பு. நல்லா எழுதறா. நான் முதல்லயே அந்தப் பேப்பரைக் குடுத்திருக்கக் கூடாது.”

“உங்களுக்கு நல்ல மனசு, அதான் இப்படிச் சொல்றீங்க” என்றாள் அந்த அம்மா. அவளிடம் நான் ஒருமுறை சொல்லாமலே சொன்னதை இப்போது வாய்விட்டு மறுத்தாலும் எடுபடவில்லை.

அப்பா எழுந்து வந்தார். கண் எல்லாம் மகள் மேல்தான். “நீ என்னம்மா சொல்றே? டீச்சர் சொல்றாங்க பாரு.”

பவானி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு வராதுப்பா” என்றாள்.

“வந்துச்சேம்மா. எழுதினியே” என்றேன். அவள் நிமிரவில்லை. இன்னும் ஒருமுறை போனேன். அப்போது வீட்டில் யாரும் இல்லை, கடையில் இருந்தாள். எனக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். அதற்குமேல் நான் போகவில்லை.

அதற்குப் பிறகு நிறத்தாள் என் வகுப்புக்குள் வரவில்லை. ஆனால் வேங்கிக்காலில் அட்டையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனவர்களில் ஒருவரிடம்கூட, ‘அதைச் செய்யாதீர்கள்’ என்று நான் சொன்னதில்லை. கூட்டங்களில் பார்க்கும்போது, “உங்க ஐடியாதான் மிஸ், எங்க ஸ்கூல்ல இப்ப பச்சை கலர்கூட வந்துடுச்சு” என்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பாராட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கிரிவலம் போனால், அடி அண்ணாமலை வரும்போது ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்வேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது திவ்யா சொன்ன இன்னொரு விஷயம்.

“போன வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங் மிஸ். ஒரே காமெடி. யாழினின்னு ஒரு பொண்ணு, ஒன்பதாவது. அவங்கம்மா வந்தாங்க. மார்க் கேக்கல, ஒண்ணும் கேக்கல. எடுத்த எடுப்புல, ‘எம்பொண்ணுக்கு என்ன கலர் பேப்பர் மிஸ்?’னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கலரெல்லாம் இல்லீங்க, உங்க பொண்ணு பேசிக் லெவல்ல இருக்கான்னு சொன்னேன். ‘சரி மிஸ்’னு தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. அடி அண்ணாமலையில ஜூஸ் கடை வெச்சிருக்காங்களாம்.”

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துப் போனேன். தள்ளுவண்டி போய் இப்போது கடையே போட்டிருக்கிறாள் பவானி. கூரை, பெஞ்சு, பிரிட்ஜ். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அப்பா வீட்டில்தான் இருக்கிறாராம். கேட்காமலே எலுமிச்சையைப் பிழிந்தாள்.

“பவானி, யாழினி விஷயமா வந்தேன். அந்த டீச்சர் ஏதோ லெவல்னு சொன்னாளாமே. அதெல்லாம் டீச்சருங்க வேலைக்காக எழுதிக்கறது. அதை வெச்சு அவளுக்குப் படிப்பு வராதுன்னு முடிவு பண்ணிடாத.”

“அதுக்கா மிஸ் இவ்ளோ தூரம் வந்தீங்க? அதெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். எனக்கும் ரோஸ்தானே.”

“நீ கடைசியில வெள்ளையில எழுதினியே. பரீட்சையில நீயேதானே எழுதினே? நான் பக்கத்துலகூட இல்லையே.”

சிரித்தாள். மனசு நோகாமல் பேச நினைக்கிறவர்களின் சிரிப்பு. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“அன்னிக்கு எங்கம்மா கடையில வெச்சு அப்படிப் பேசிட்டாங்க. அதுல மனசு கேக்காம நீங்க வெள்ளைப் பேப்பர் குடுத்தீங்க. எனக்குத் தெரியாதா மிஸ்?”

நான் பதில் சொல்வதற்குள் நெல்லூர் வேன் ஒன்று வந்து நின்றது. “ரண்டி, கூர்ச்சோண்டி” என்று பெஞ்சைக் காட்டினாள். கோயிலுக்கு எந்தப் பக்கம் போனால் கிட்டம், செருப்பை எங்கே விடலாம், மத்தியானம் எத்தனை நேரம் நடை சாத்தியிருக்கும், நடக்க முடியாத பெரியவர்களை எப்படிக் கூட்டிப்போவது என்று தெலுங்கில் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே கேலி பேசி அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே, ஒவ்வொருவருக்கும் ஜூஸ் போட்டாள். நான் குடித்து முடித்த பிறகும் அவள் பேச்சு நிற்கவில்லை. காலி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.